வீட்டு வரி முதல் மகாமகம் வரை: கும்பகோணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம் 1866-இல் நகராட்சி ஆனது. 2021-இல் மாநகராட்சி ஆனது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இங்கே 1,40,156 பேர். பெயர்ப் பலகையில் ‘மா’ சேர்ந்ததே தவிர, ஊர் பழைய ஊர்தான். முகூர்த்த நாளில் கடைத்தெருவுக்குள் ஒரு சரக்கு லாரி நின்றால் போதும், எல்லாம் நின்றுவிடும். வீட்டு வரி, மனை, பட்ஜெட் என்று டீக்கடையில் தொடங்கும் பேச்சில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சட்டமும் விதியும் தமிழ்நாட்டின் மற்ற சிறு நகரங்களுக்கும் பெரும்பாலும் இதேதான்.

மாநகராட்சி ஆனதால் எங்களுக்கு என்ன கிடைத்தது?

முதலில் கிடைத்தது பெயர் மாற்றம். நகராட்சித் தலைவர் மேயர் ஆனார், நகர்மன்றம் மாமன்றம் ஆனது, தாராசுரம் பேரூராட்சி நம்மோடு சேர்ந்தது, 48 வார்டுகள் வந்தன. 2022 பிப்ரவரியில் நடந்த தேர்தலுக்குப் பிறகு ஆட்டோ ஓட்டுநரான கே. சரவணன் முதல் மேயரானார். மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை, மாமன்ற உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுத்தார்கள்.

மாநகராட்சி என்றால் அதிகாரிகளின் பதவித் தரம் உயரும், பெரிய தொகைக்கான திட்டங்களைக் கேட்க வாய்ப்பு கூடும். ஆனால் பெயர் மாறியதற்காகக் கருவூலம் தனியாக நிரம்பிவிடாது. வரி கட்டும் வீடுகளும் கடைகளும் அதேதான்.

இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. 2016 அக்டோபரில் பழைய மன்றத்தின் காலம் முடிந்தபின் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தமிழ்நாட்டின் நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமே இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் பார்த்தார்கள். கவுன்சிலர் என்று ஒருவர் இருந்தால் திட்டவாவது ஆள் உண்டு என்பது அந்த இடைவெளியில்தான் பலருக்கு உறைத்தது.

வீட்டு வரி திடீரென்று ஏன் இவ்வளவு ஏறியது?

திடீர் என்று சொல்ல முடியாது. சென்னை தவிர மற்ற நகரங்களில் 2008-க்குப் பிறகு பொதுச் சீராய்வு நிலைக்கவில்லை. 2018-இல் உயர்த்தினார்கள், 2019-இல், உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழுந்த நேரத்தில், அதை நிறுத்தி வைத்தார்கள். பிறகு 15-ஆவது நிதிக்குழு ஒரு நிபந்தனை போட்டது. சொத்து வரிக்கு அடிப்படை விகிதத்தை அறிவித்து, மாநிலத்தின் பொருளாதார வளர்ச்சிக்கு ஏற்ப வரி வருவாயையும் வளர்க்க வேண்டும், அப்போதுதான் மத்திய மானியம் வரும் என்றது. தேர்தல் முடிந்தது 2022 பிப்ரவரி. சீராய்வு வந்தது ஏப்ரல். இந்த வரிசை தற்செயல் என்று யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம்.

அந்தச் சீராய்வில் நம்மைப் போன்ற மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு 600 சதுர அடி வரை 25 சதவீதம், 601 முதல் 1200 வரை 50, 1201 முதல் 1800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம் என்று உயர்த்தினார்கள். கடைகளுக்கு 100, தொழிற்கூடங்களுக்கும் தனியார் பள்ளி, கல்லூரிகளுக்கும் 75.

ஒரு வீட்டை வைத்துப் பார்ப்போம். 1000 சதுர அடி, அரையாண்டு வரி 800 ரூபாய் கட்டிக்கொண்டிருந்தவருக்கு 50 சதவீதம் கூடி 1200 ஆனது. 2024-இல் வந்த 6 சதவீத உயர்வில் இன்னும் 72 ரூபாய் சேர்ந்து 1272. ஆக அரையாண்டுக்கு 472 ரூபாய் அதிகம். மாதத்துக்கு எண்பது ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. இந்தத் தொகை பெரிதா சிறிதா என்பது வீட்டுக்கு வீடு மாறும். பென்ஷனில் ஓடும் வீட்டில் அது பெரிதுதான். அதே தெருவில் மூன்று மாடி லாட்ஜ் ஒன்று வீடு என்ற கணக்கில் வரி கட்டிக்கொண்டிருந்தால், உயர்வைவிட அதுதான் நம்மைக் கோபப்படுத்த வேண்டும். உயர்த்திய அளவுக்கு, விட்டுப்போன கட்டடங்களைக் கணக்கில் கொண்டுவரும் வேலை நடக்கவில்லை என்பது என் எண்ணம்.

எப்போது கட்டினால் லாபம்?

வரி ஆண்டுக்கு இரண்டு தவணை: ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச். அரையாண்டு தொடங்கி முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30 அல்லது அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு, அதிகபட்சம் 5000 ரூபாய். நம் 1272 ரூபாய் வீட்டுக்கு அது 63 ரூபாய் சொச்சம். காலம் கடந்தால் மாதத்துக்கு 1 சதவீதம் வட்டி. பில் கலெக்டர் வீட்டுக்கு வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. வரி விதிப்பு எண் இருந்தால் ஆன்லைனிலேயே கட்டலாம்.

ஒழுங்காக வரி கட்டுகிறோம். எங்கள் தெருவுக்கு மட்டும் சாலை போடப் பணம் இல்லை என்கிறார்களே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

மாநகராட்சியிடம் பணம் இல்லை என்று பொதுவாகச் சொல்வது பாதி உண்மை. எந்தத் தலைப்பில் பணம் இருக்கிறது என்பதுதான் விஷயம். அலுவலகத்தில் இருப்பது ஒரே கல்லாப்பெட்டி இல்லை. வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, கல்வி நிதி என்று மூன்று தனித்தனிக் கணக்குகள். நீங்கள் கட்டும் சொத்து வரியே பிரிந்துதான் போகிறது. ஒரு பகுதி பொது நோக்கத்துக்கு, ஒரு பகுதி குடிநீருக்கு, ஒரு பகுதி கல்விக்கு. நூலக வரி என்று 10 சதவீதம் தனியாகச் சேர்த்து வாங்கி, அதை நூலக ஆணைக்குழுவுக்கு அனுப்ப வேண்டும். கல்வி நிதியில் பணம் தேங்கியிருந்தாலும் அதை எடுத்துச் சாக்கடை கட்ட முடியாது. பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறையோ கழிப்பறையோ கட்டலாம்.

வெளியிலிருந்து வரும் பணத்துக்கும் பெயர் எழுதியே வரும். மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை உள்ளாட்சிகளுக்குப் பகிர்கிறது. அதில் நம் பங்கு ஓரளவு சுதந்திரமான பணம்தான். ஆனால் கைக்கு வருவதற்குள் மின்கட்டணம், கடன் தவணை என்று பிடித்தங்கள் நடப்பது வழக்கம். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 60 சதவீதம் குடிநீர், மழைநீர், சுகாதாரம் இவற்றுக்கு மட்டும் என்று கட்டப்பட்டிருந்தது. மீதி 40 சதவீதத்தையும் சம்பளத்துக்கு எடுக்கக் கூடாது என்றிருந்தது. நகரங்களின் குடிநீர், கழிவுநீர் வேலைகளுக்கான அம்ருத் 2.0 போன்ற மத்தியத் திட்டத்தில் ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் வரை மக்கள்தொகை உள்ள நகரத்துக்கு மத்திய அரசு தருவது திட்ட மதிப்பில் மூன்றில் ஒரு பங்கு. மீதியை மாநிலமும் நாமும் போட வேண்டும். நம் பங்கு பெரும்பாலும் கடன்.

ஆக, நகரம் தன் விருப்பப்படி செலவழிக்கக் கூடிய பணம் எது? வீட்டு வரியின் பொதுப் பகுதி, தொழில் வரி, காலிமனை வரி, கடை வாடகை, பேருந்து நிலையம், சந்தைக் குத்தகை. இதில் தொழில் வரிக்கு ஆண்டுக்கு ஒருவருக்கு 2500 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாது என்று அரசியல் சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. கடை வாடகையோ, பழைய வாடகையில் ஒருவர் எடுத்து இன்னொருவர் வியாபாரம் செய்யும் கதை எல்லா ஊரிலும் உண்டு. இந்தச் சின்னப் பணத்திலிருந்துதான் சம்பளம், ஓய்வூதியம், தெருவிளக்குக் கரண்ட், குப்பை அள்ளும் ஒப்பந்தம் எல்லாம். அப்புறம் மிஞ்சினால் உங்கள் தெரு.

அதனால்தான் ‘சாலை போடுங்கள்’ என்ற மனுவுக்கு ‘நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்’ என்ற பதில் வருகிறது. ‘எங்கள் சாலையை எந்தத் திட்டத் தலைப்பில் சேர்த்திருக்கிறீர்கள், எஸ்டிமேட் போட்டாயிற்றா, நிர்வாக அனுமதி வந்துவிட்டதா’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்பவர் கோப்பைத் திறந்தாக வேண்டும்.

பட்ஜெட்டை எப்படிப் படிப்பது? ஒன்றும் புரியவில்லையே.

மார்ச் 31-க்குள் மாமன்றத்தில் வைத்து நிறைவேற்றுவார்கள். மறுநாள் பத்திரிகையில் ‘இத்தனை கோடி பற்றாக்குறை’ அல்லது ‘இத்தனை லட்சம் உபரி’ என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். அந்த எண்ணுக்கு அதிக மதிப்பு கொடுக்காதீர்கள். வரும் என்று எதிர்பார்க்கும் மானியத்தைக் கொஞ்சம் தாராளமாக எழுதினால் பற்றாக்குறை உபரியாகிவிடும்.

புத்தகத்தில் ஒவ்வொரு வரிக்கும் எதிரே மூன்று வகை எண்கள் இருக்கும். முடிந்த ஆண்டின் உண்மைக் கணக்கு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு. நேராக உண்மைக் கணக்குக்குப் போங்கள். ‘மழைநீர் வடிகால் பராமரிப்பு’ என்ற வரியில் வரும் ஆண்டுக்கு எழுதியிருப்பதையும், போன ஆண்டுகளில் நிஜமாகச் செலவானதையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் பெரிய தொகை எழுதி, செலவு மட்டும் சின்னதாகவே இருந்தால் அந்த வேலை நடக்கப்போவதில்லை என்று புரிந்துகொள்ளலாம். அடுத்து ‘வரி நிலுவை’. நடப்பு வரி வசூலைவிடப் பழைய நிலுவை பெரிதாக இருந்தால், யார் அந்தப் பெரிய பாக்கிக்காரர்கள் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பல ஊர்களில் அந்தப் பட்டியலின் மேல்வரிசையில் அரசு அலுவலகங்களே இருப்பது தனி வேடிக்கை.

போன மாதம் போட்ட சாலையை இந்த மாதம் தோண்டுகிறார்களே, அறிவு இல்லையா?

சாலைக்கான பணம் ஒரு திட்டத்தில், ஒரு தேதிக்குள் செலவழிக்க வேண்டும் என்ற கெடுவோடு வரும். குடிநீர்க் குழாய்க்கான பணம் இன்னொரு துறை வழியாக, இன்னொரு ஒப்பந்தக்காரரிடம், ஆறு மாதம் பிந்தி வரும். மார்ச்சுக்குள் செலவழிக்காவிட்டால் பணம் திரும்பிவிடும் என்ற பயத்தில் சாலையை முதலில் போட்டுவிடுவார்கள். இது காரணம்தான், சமாதானம் ஆகாது. வார்டு வாரியாக நிலத்தடிக் குழாய் வரைபடம் ஒன்றை வைத்துக்கொண்டு, ‘இந்தத் தெருவில் குழாய் வேலை முடிந்த பிறகே தார்’ என்று மாமன்றம் ஒரு தீர்மானம் போட்டால் பாதி தவிர்க்கலாம். அதற்குப் பணமே தேவையில்லை.

கூடவே ஒன்று: எல்லாச் சாலையும் மாநகராட்சியுடையது அல்ல. ஊருக்குள் ஓடும் முக்கியச் சாலைகள் சில மாநில நெடுஞ்சாலைத் துறையின் கையில் உள்ளன. அங்கே பள்ளம் என்றால் கவுன்சிலரிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

எங்கள் நகர் வந்து இருபது வருடமாகிறது. தெருவிளக்கு, சாலை எதுவும் செய்ய முடியாது என்கிறார்கள்.

உங்கள் லேஅவுட் அங்கீகாரம் பெற்றதா என்று பாருங்கள். அங்கீகாரம் கிடைக்கும்போது மனைப்பிரிவின் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். 10,000 சதுர மீட்டரைத் தாண்டிய மனைப்பிரிவு என்றால் 10 சதவீத நிலத்தைப் பூங்காவுக்காக நிலமாகவே ஒப்படைக்க வேண்டும். அந்தப் பத்திரம் இல்லை என்றால், காகிதத்தில் உங்கள் தெரு இன்னும் மனை விற்றவருடைய நிலம்தான். தனியார் நிலத்தில் பொதுப் பணத்தைப் போட்டால் தணிக்கையில் மாட்டுவோம் என்று பொறியாளர் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. அவர் அதை உங்களிடம் தெளிவாகச் சொல்லாமல் ‘ஃபண்ட் இல்லை’ என்று அனுப்புவதில்தான் நியாயம் இல்லை.

செய்ய வேண்டியது: லேஅவுட் வரைபட நகலும் பத்திரப் பதிவு விவரமும் எடுங்கள். தானப் பத்திரம் ஆகவில்லை என்றால், மனை போட்டவர் அல்லது அவர் வாரிசுகள் உயிரோடும் ஊரிலும் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். இன்னொரு தலைமுறை போய்விட்டால் கஷ்டம்.

அங்கீகாரம் இல்லாத மனை வாங்கிவிட்டேன். என்ன செய்வது?

2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. அதன் பிறகு 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. 20-10-2016-க்கு முன்பு பதிவான மனைகளுக்கும் அந்த மனைப்பிரிவுகளுக்கும்தான் இந்த வழி. காலக்கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டிருக்கிறது என்பதால், விண்ணப்பிக்கும் முன் அன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். வரன்முறைக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம் கட்ட வேண்டும். நீர்நிலை, வாய்க்கால், கோயில் நிலம், அரசுப் புறம்போக்கு இவற்றில் உள்ள மனைக்கு வரன்முறையே கிடையாது. கும்பகோணத்தில் குளங்களும் அவற்றுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்களும் ஊர் முழுக்க ஓடியவை. இன்று சுவருக்கு அடியில் இருக்கும் வாய்க்கால் வருவாய்த் துறை வரைபடத்தில் இன்னும் வாய்க்கால்தான்.

டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆயிற்றே, வயலை மனையாக்க முடியாது அல்லவா?

பலர் இப்படி நினைக்கிறார்கள். 2020-இல் வந்த அந்தச் சட்டம் தடுப்பது எண்ணெய், எரிவாயு எடுப்பு, உருக்காலை போன்ற பட்டியலிட்ட தொழில்களை. வயலில் வீட்டு மனை போடுவதை அது நேரடியாகத் தடுக்கவில்லை. அதற்குத் தனியாக 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின்கீழ் நில உபயோக மாற்றம் வாங்க வேண்டும். நஞ்சை என்றால் வேளாண் துறையின் கருத்தும் கேட்கப்படும். ஊரைச் சுற்றிப் பைபாஸ் ஓரங்களில் கொடி நட்ட வயல்களைப் பார்த்தால், இந்த வடிகட்டியின் கண்கள் எவ்வளவு பெரியவை என்பது தெரியும்.

மனைப்பிரிவு 500 சதுர மீட்டரைத் தாண்டினால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு கட்டாயம். விளம்பரத்தில் அந்த எண் இல்லை என்றால் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

சின்ன வீடு கட்ட இன்னும் மாதக்கணக்கில் அலைய வேண்டுமா?

முன்னளவு இல்லை. 2024 ஜூலையிலிருந்து சுயசான்று முறை இருக்கிறது. 2500 சதுர அடி வரையுள்ள மனையில், 3500 சதுர அடிக்குள், தரைத்தளமும் ஒரு மாடியும் கொண்ட வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையதளத்தில் விண்ணப்பித்து, கட்டணம் கட்டினால் உடனடியாக அனுமதி இறங்கிவிடும். முன்கூட்டியே யாரும் வந்து பார்க்க மாட்டார்கள். ஆனால் ‘விதிப்படி கட்டுவேன்’ என்று கையெழுத்துப் போடுபவர் நீங்கள். பிறகு மீறினால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

கும்பகோணத்துக்குச் சில தனிச் சிக்கல்கள் உண்டு. பழைய தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். முன்னால் திண்ணை, நடுவில் முற்றம், பின்னால் கொல்லை என்று அடுத்த தெரு வரை நீளும். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த கட்டட விதிகளில் தொடர் கட்டடப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் பக்கவாட்டில் இடம் விடத் தேவையில்லை என்று வைத்திருப்பது இந்த மாதிரித் தெருக்களுக்காகத்தான். சிக்கல், பாகப்பிரிவினையில். அண்ணன் தம்பி மூன்று பேர் வீட்டை நீளவாக்கில் பிரித்துக்கொண்டால் ஆளுக்கு எட்டடி அகலத்தில் ஒரு சந்து கிடைக்கும். முற்றத்துக்கு நடுவே சுவர் எழும். வெளிச்சமும் போகும், காற்றும் போகும். அதில் விதிப்படி புது வீடு கட்டுவது பெரும்பாடு. பிரிக்கும்போதே பத்திர எழுத்தரை மட்டும் பார்க்காமல் ஒரு பொறியாளரையும் பார்த்துவிடுவது நல்லது.

தாராசுரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. ஐராவதேசுவரர் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது, 2004 முதல் உலக மரபுச் சின்னமும்கூட. பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை தேசிய நினைவுச் சின்னங்கள் ஆணையத்தின் தடையின்மைச் சான்று வேண்டும். 2010-இல் கடுமையாக்கிய சட்டம் இது. மாநகராட்சி நினைத்தாலும் தளர்த்த முடியாது. பழைய வீட்டைப் பழுது பார்ப்பதற்கு அனுமதி கேட்கலாம்.

எங்கள் வீடு கோயில் அடிமனையில் இருக்கிறது. நாலு தலைமுறையாக இருக்கிறோம். பட்டா கிடைக்குமா?

கிடைக்காது என்பதுதான் நேர்மையான பதில். கோயில் நகரத்தில் இது நூற்றுக்கணக்கான குடும்பங்களின் கதை. மேலே கட்டியிருக்கும் வீடு உங்களுடையது, கீழே உள்ள மண் சாமியுடையது. 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டப்படி கோயில் நிலத்தை விற்கவோ, ஐந்து ஆண்டுக்கு மேல் குத்தகைக்கு விடவோ ஆணையரின் அனுமதி வேண்டும். ‘பகுதி’ என்ற பெயரில் கோயிலுக்கு நீங்கள் கட்டுவது அடிமனை வாடகை. அது நியாய வாடகை என்ற பெயரில் அவ்வப்போது திருத்தப்படும். நிலத்தின் மதிப்பை வைத்துக் கணக்குப் போடுவதால் வாடகை ஏறி, நிலுவைப் பட்டியலில் பெயர் வந்து, ‘ஆக்கிரமிப்பாளர்’ என்று நோட்டீஸ் வருமோ என்ற பயத்தில் பலர் இருக்கிறார்கள்.

இதன் விளைவு வீட்டுக்குள் தெரியும். ஓடு ஒழுகும், உத்தரம் செல்லரிக்கும். பிரித்துக் கட்டலாம் என்றால் ப்ளான் அப்ரூவலுக்குக் கோயில் நிர்வாகத்தின் தடையின்மைச் சான்று கேட்பார்கள். வங்கிக்குப் போனால் பட்டா இல்லாமல் கடன் இல்லை. அரசு வீட்டு மானியத்துக்கும் அதே கேள்வி. ஆக, சாமிக்கும் போதிய வருமானம் இல்லை, குடியிருப்பவருக்கும் நல்ல வீடு இல்லை. கோயில் சொத்தைத் தூக்கிக் கொடு என்று நான் சொல்ல மாட்டேன். வாடகையை ஒழுங்காகக் கட்டுபவருக்கு நீண்டகாலக் குத்தகையும், வீட்டைச் சீரமைக்கும் அனுமதியும் தருவதில் கோயிலுக்கு நஷ்டம் என்ன என்பது எனக்கு விளங்கவில்லை. அதுவரை வாடகை ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். வாரிசுப் பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

வீட்டு வரி ரசீது என் பெயரில் இருக்கிறதே, அது போதாதா?

போதாது. வரி ரசீது நீங்கள் வரி கட்டினீர்கள் என்பதற்குச் சான்று, உரிமைக்குச் சான்று இல்லை. புறம்போக்கில் உள்ள வீட்டுக்கும் வரி போடுவார்கள்.

நகரத்தில் சொந்தமாக வீடு கட்ட அரசு உதவி எவ்வளவு?

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் நகர்ப்புறப் பிரிவு 2015-இல் தொடங்கியது. சொந்த மனையில் தானே கட்டுபவருக்குத் தமிழ்நாட்டில் மத்திய அரசின் 1.5 லட்சமும் மாநில அரசின் 60 ஆயிரமும் சேர்த்து 2.10 லட்சம் தந்தார்கள். இரண்டாம் கட்டம் 2024-இல் வந்தது, 2.5 லட்சம் என்ற கணக்கில். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் எங்கும் காரை வீடு இருக்கக் கூடாது. மனைக்குப் பட்டா வேண்டும். பணம் மொத்தமாக வராது. அஸ்திவாரம், கூரை என்று நிலை நிலையாகப் படம் எடுத்த பிறகு தவணையாக வரும். முதல் தவணைக்கு முன் கைக்காசோ வட்டிக் காசோ போட்டாக வேண்டும் என்பதால், உண்மையான ஏழை தயங்குவதும் கொஞ்சம் வசதி உள்ளவர் முந்திக்கொள்வதும் நடக்கிறது.

மனையே இல்லாதவர்களுக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்தின் அடுக்குமாடிக் குடியிருப்புகள் உண்டு. பழைய குடிசை மாற்று வாரியம்தான் 2021 முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. ஊருக்கு வெளியே நிலம் மலிவு என்று அங்கே கட்டிவிட்டால், வீட்டு வேலைக்கும் பாத்திரக் கடைக்கும் ஊருக்குள் வந்துபோகும் பஸ் செலவு குடும்பத்தின் தலையில் விழும். ஒதுக்கீடு கிடைத்தவர் சாவி வாங்கிப் பூட்டிவிட்டுப் பழைய இடத்துக்கே திரும்புவது இதனால்தான்.

கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின் 3.5 லட்சம் கிராமப்புறத்துக்கு மட்டும். நகரத்தவர்கள் கேட்டுக் கேட்டு ஏமாறுகிறார்கள்.

வாடகை வீடு எடுக்கிறேன். ஒப்பந்தம் அவசியமா?

அவசியம். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள வாடகைச் சட்டப்படி எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். வேறு விதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது. ‘பத்து மாத அட்வான்ஸ்’ பழக்கம் இன்னும் போகவில்லை.

பக்கத்து ஊராட்சிகளைச் சேர்ப்பதை அந்த மக்கள் ஏன் எதிர்க்கிறார்கள்? வசதி வரும்தானே?

அவர்கள் கணக்குத் தெரியாதவர்கள் இல்லை. ஊராட்சி என்றால் ஊரக வேலை உறுதித் திட்டத்தின் வேலை உண்டு, கிராமப்புற வீட்டுத் திட்டங்கள் உண்டு, வரி குறைவு, கிராம சபையில் எழுந்து நின்று கேட்கலாம். நகரத்தோடு சேர்ந்த மறுநாள் அந்த வேலை போகும். நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டம் என்று தமிழ்நாடு அரசு முன்னோட்டமாகத் தொடங்கியது, அதற்கு ஈடாகாது. வரி நகரக் கணக்குக்கு ஏறும். பாதாள சாக்கடையும் சாலையும் எப்போது வரும் என்று யாரும் தேதி சொல்வதில்லை. அந்த ஊரக வேலையை நம்பியிருக்கும் அம்மாவுக்கு நஷ்டம் இன்றைக்கு, லாபம் என்றைக்கோ.

நகரத்தின் பக்கமும் ஒரு வாதம் இருக்கிறது. எல்லைக்கு வெளியே மனைகள் பெருகி, குப்பையும் கழிவுநீரும் நகரத்துக்குள் வந்து, வரி மட்டும் வராமல் இருப்பதைத் தொடர முடியாது. சேர்ப்பதாக இருந்தால், இத்தனை ஆண்டுக்குப் பழைய வரி, இந்தத் தேதிக்குள் இந்தக் குழாய் என்று எழுதிக் கொடுத்துச் சேர்க்கட்டும்.

2028 மகாமகத்துக்குப் பெரிய பணம் வருமே, ஊர் மாறிவிடுமா?

கடைசி மகாமகம் 2016 பிப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2028. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசின் பார்வை முழுக்க இந்த ஊர் மேல் விழும். சாலை, கழிப்பறை, விளக்கு, படித்துறை எல்லாம் கட்டுவார்கள். கும்பகோணத்தின் பட்ஜெட் சுழற்சி ஐந்தாண்டுத் தேர்தலோடு ஓடுகிறதா மகாமகத்தோடு ஓடுகிறதா என்று எனக்கு எப்போதுமே சந்தேகம்.

பிரச்சினை, விழா முடிந்த மறுநாள் தொடங்குகிறது. கட்டுவதற்கான பணம் மேலிருந்து வரும். பராமரிக்கும் பணம் வராது. கழிப்பறைக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரின் கரண்ட் பில், துப்புரவாளர் கூலி, விளக்குக் கம்பத்தின் பல்பு எல்லாம் அந்த ஒல்லியான வருவாய் நிதியில் ஏறும். அதனால் மகாமகத் திட்டப் பட்டியல் வரும்போது, ஒவ்வொரு வேலைக்கும் பக்கத்தில் ‘ஆண்டுப் பராமரிப்புச் செலவு, யார் பொறுப்பு’ என்று ஒரு பத்தி கேளுங்கள். என்னைக் கேட்டால் புதிய அலங்கார வளைவுகளைவிட, மகாமகக் குளத்துக்கும் மற்றக் குளங்களுக்கும் நீர் வரும் வழிகளை மீட்பதற்குப் பணம் போகட்டும் என்பேன். வாய்க்காலைத் திறந்து வைத்து ரிப்பன் வெட்ட முடியாது, அதுதான் அதன் குறை.

இதையெல்லாம் எங்கே போய்க் கேட்பது?

வார்டு குழு, பகுதி சபை இரண்டுக்கும் 2022-இல் விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1-இல் முதல் பகுதி சபைக் கூட்டங்கள் நடந்தன. கிராம சபைக்கு இணையான இடம் இது. உங்கள் பகுதியில் கூடவில்லை என்றால் ஏன் கூடவில்லை என்று கவுன்சிலரிடம் எழுதிக் கேளுங்கள். தெருவே பணம் போடத் தயார் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் இருக்கிறது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். பூங்கா, பள்ளிக்கூட வேலைகளுக்கு நல்ல வழி. ஏழைத் தெருவுக்கு இது பயன்படாது.

பேச்சில் பதில் வராதபோது தகவல் உரிமைச் சட்டம். ‘எங்கள் தெருவுக்கு ஏன் சாலை போடவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘ஏன்’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்க இடமுண்டு. ஆவணமாகக் கேளுங்கள். இப்படி:

‘… வார்டு … தெருவுக்குக் கடந்த ஐந்து நிதியாண்டுகளில் தயாரிக்கப்பட்ட மதிப்பீடுகளின் நகல், அவை எந்த நிதித் தலைப்பில் முன்மொழியப்பட்டன என்ற விவரம், அந்த வேலைகள் தொடர்பான மாமன்றத் தீர்மானங்களின் நகல், மேற்படி தெருவுக்கான தானப் பத்திரம் மாநகராட்சியிடம் இருப்பின் அதன் நகல்.’

பொதுத் தகவல் அலுவலர், மாநகராட்சி அலுவலகம் என்று முகவரி எழுதி, பத்து ரூபாய்க்கு நீதிமன்ற வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். வரவில்லை என்றால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம், அதற்குக் கட்டணம் இல்லை.